பின்னணி எது? இசையும் நினைவுமீட்பும் குறித்த மாணவர் சோதனை வடிவமைப்பின் மீது ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

பின்னணி இசை நினைவுமீட்புக்குத் துணைசெய்கிறதா, தடைசெய்கிறதா என்னும் வினா உளவியல் பயிலும் மாணவர்கள் தம் ஆய்வேட்டுக்கு விரும்பித் தேர்ந்தெடுக்கும் வினாக்களுள் ஒன்று. ஆங்கிலப் பாடநூல்கள் காட்டும் வடிவமைப்பை அவ்வாறே எடுத்துத் தமிழ் மாணவர்மீது நிகழ்த்தும்போது அச்சோதனை எங்கே வழுவுகிறது என்பதை, கட்டுரையாளரின் முதுகலை ஆய்வேட்டையே சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஒலிக்கும் பாடலின் சொற்களும் நினைவில் கொள்ளவேண்டிய சொற்களும் ஒரே சொற்களத்தைச் சேர்ந்தவையாக அமைந்துவிடுவதே முதன்மை வழு என்பது இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

திறவுச்சொற்கள்: பின்னணி இசை, நினைவுமீட்பு, செயல்நினைவு, சொற்பட்டியல், ஊடுருவற் பிழை, திரைப்பாடல்

முன்னுரை

முதுகலை இரண்டாம் ஆண்டில் ஆய்வேட்டுக்காக ஒரு சோதனை நடத்தினேன். 40 மாணவர்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் 20 தமிழ்ச் சொற்கள் அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, 2 நிமிடம் படிக்கச் செய்தேன். பின்னர்த் தாளைத் திரும்பப் பெற்று, நினைவில் நின்றவற்றை எந்த வரிசையிலேனும் எழுதச் சொன்னேன். ஒரு குழுவுக்குக் கைப்பேசியோடு இணைத்த சிறு ஒலிபெருக்கியில் திரைப்பாடல்கள் ஒலித்தன. மற்றொரு குழுவுக்கு ஒலிக்கவில்லை. பாடல் கேட்ட குழுவின் சராசரி குறைந்திருந்தது. பின்னணி இசை நினைவாற்றலைக் குறைக்கிறது என்று முடிவெழுதினேன். வாய்மொழித் தேர்வில் அதுபற்றி எவரும் வினா எழுப்பவில்லை. ஓராண்டு கழித்து, நான் தங்கியிருந்த விடுதியின் அறிவிப்புப் பலகையில், படிப்பு நேரத்தில் பாட்டு ஒலிக்கக் கூடாது என்னும் ஆணைக்குக் கீழே, ஆய்வு மெய்ப்பித்திருக்கிறது என்னும் தொடரோடு என் முடிவும் ஒரு வரியாக இடம்பெற்றிருந்தது. அன்று அது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

முனைவர் பட்ட ஆய்வுக்குச் சொல் நினைவையே களமாகக் கொண்ட பிறகு, அந்த 40 விடைத்தாள்களையும் மீண்டும் எடுத்துப் பார்த்தேன். பாடல் கேட்ட குழுவின் தாள்கள் பலவற்றில், பட்டியலில் இல்லாத சொற்கள் எழுதப்பட்டு, என் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. அச்சொற்களுள் சில அன்று ஒலித்த பாடல்களில் வருபவை. நான் அவற்றைப் பிழை என்று மட்டும் கண்டு, மதிப்பெண் தராமல் கடந்திருக்கிறேன். எத்தனை தாள்கள், எத்தனை சொற்கள் என்னும் கணக்கை இங்குத் தரவில்லை. பின்னர்க் காட்டப்போகும் காரணங்களால் அச்சோதனையின் எந்த எண்ணும் சான்றாக நிற்கும் தகுதி உடையதன்று. எனினும், அடிக்கப்பட்ட அச்சொற்களே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

மொசார்ட் மேற்கோளின் இடப்பெயர்வு

என் ஆய்வேட்டின் முன்னாய்வு இயலில் முதலில் நின்றது 1993ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளிவந்த ராஷர், ஷா, கை ஆகியோரின் சிறு கட்டுரை. இசையும் கற்றலும் என்று தொடங்கும் மாணவர் ஆய்வேடுகளில் இம்மேற்கோளைப் பலமுறை கண்டிருக்கிறேன். அதனை உண்மையில் படித்தவர்க்கு மூன்று செய்திகள் உடனே தெரியும். முதலாவது, அதில் பங்கேற்ற 36 கல்லூரி மாணவர்களும் இசையைக் கேட்டது பணிக்கு முன்னர், பணியின்போது அன்று. 10 நிமிடம் மொசார்ட்டின் இரு பியானோ சொனாட்டாவைக் கேட்டு முடித்த பிறகே அவர்கள் வினாக்களை எதிர்கொண்டனர். ஆகவே அங்கு இசை 'பின்னணி'யாக இருக்கவே இல்லை. இரண்டாவது, அளக்கப்பட்டது இடஞ்சார் பகுத்தறிவு; நினைவுமீட்பு அன்று. மூன்றாவது, நுண்ணறிவு ஈவில் 8 முதல் 9 புள்ளி உயர்வு என்று கூறப்பட்ட அவ்விளைவு 10 முதல் 15 நிமிடத்துக்கு மேல் நீடிக்கவில்லை என்பதை அக்கட்டுரையே கூறுகிறது.

இவ்வளவு வரையறைகளோடு எழுதப்பட்ட ஒரு பக்கச் செய்தி, 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் செல் மில்லர் பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் இசைப்பதிவு வழங்க 1,05,000 டாலர் கேட்கும் அளவுக்குப் பெருகியது. என் விடுதி அறிவிப்பு அதன் மிகச் சிறிய உறவினன் என்றே இப்போது தோன்றுகிறது. 2001இல் தாம்சன், ஷெல்லன்பெர்க், ஹுசைன் ஆகியோர் மொசார்ட்டின் துள்ளலான இசையையும் அல்பினோனியின் சோகமான மெல்லிசையையும் ஒப்பிட்டனர். கேட்போரின் கிளர்ச்சி நிலையையும் மனநிலையையும் கணக்கில் கொண்டபோது 'மொசார்ட் விளைவு' மறைந்துபோனது. இச்செய்தி மேற்கோளாக நம்மிடம் வந்து சேர்வது அரிது. வந்தாலும், அது கூறுவது பணிக்கு முன் கேட்கும் இசையைப் பற்றியே. நினைவுமீட்புச் சோதனைக்கு உரிய முன்னாய்வு வேறிடத்தில் இருக்கிறது.

ஒலியின் குறுக்கீடு

1974இல் பேட்லி, ஹிட்ச் இருவரும் முன்வைத்த செயல்நினைவுக் கோட்பாட்டின்படி, படித்த சொற்களை நாம் மனத்துக்குள் ஒலித்துக்கொண்டே தக்கவைக்கிறோம். இதனை ஒலிச்சுழல் எனலாம். கண்ணால் படித்த சொல்லும் இச்சுழலுக்குள் ஒலியாகவே நுழைகிறது. வெளியிலிருந்து வரும் பேச்சொலியோ அழையாமலே நுழைந்துவிடுகிறது. 1976இல் கோல், வெல்ஷ் இருவரும் திரையில் காட்டிய எழுத்துகளை மாணவர்களை நினைவுகொள்ளச் செய்து, ஜெர்மன் மொழிப் பகுதி ஒன்றை ஒலிக்கவிட்டனர். கேட்டவர்க்கு ஜெர்மன் தெரியாது. ஆயினும் நினைவுமீட்பு குறைந்தது. 1989இல் சலாமே, பேட்லி இருவரும் குரலிசை கருவியிசையைவிட மிகுதியாகக் குறுக்கிடுகிறது என்றும், வெறும் இரைச்சல் அவ்வாறு குறுக்கிடுவதில்லை என்றும் காட்டினர். 2011இல் பெர்ஹாம், விசார்ட் இருவரும் விரும்பிக் கேட்கும் இசையும் வெறுக்கும் இசையும் ஒரே அளவில் தடைசெய்வதைக் கண்டனர். எனக்குப் பிடித்த பாட்டு என்னைத் தொந்தரவு செய்யாது என்று நம்பும் மாணவர்க்கு இது உவப்பான செய்தி அன்று.

இங்கு ஒரு கண்ணி இருக்கிறது. இவ்வாய்வுகள் பெரும்பாலும் வரிசைமுறை மீட்பைக் கையாண்டவை. காட்டிய வரிசையிலேயே எழுத்துகளையோ எண்களையோ திருப்பிச் சொல்லவேண்டும். அத்தகைய பணியில், கேட்கும் மொழியின் பொருள் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ஒலி மாறிக்கொண்டே இருப்பதுதான் தொல்லை. என் சோதனையிலோ மாணவர்கள் எந்த வரிசையிலும் எழுதலாம். இந்தக் கட்டற்ற மீட்பில் அவர்கள் பயன்படுத்துவது வரிசையை அன்று, பொருளை. மழையை நினைத்தால் குடை வரும், குடையை நினைத்தால் வெயில் வரும். 2008இல் மார்ஷ், ஹியூஸ், ஜோன்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இவ்வேறுபாட்டைத் தெளிவாக நிறுவுகிறது. பொருளைக் கொண்டு மீட்கும் பணியில், நினைவுகொள்ளும் சொற்களோடு பொருள் உறவுடைய சொற்கள் காதில் விழுந்தால் மீட்பு குறைவதோடு, கேட்ட சொற்களே விடைக்குள் புகுந்தும் விடுகின்றன. இவற்றை ஊடுருவற் பிழைகள் என்கிறோம். வரிசைமுறை மீட்பை வைத்து எழுதிய முன்னாய்வைக் கட்டற்ற மீட்புச் சோதனைக்கு அடித்தளமாக வைத்தது என் முதல் தவறு. நான் சிவப்பு மையால் அடித்தவை எவை என்பது அதனாலேயே எனக்குத் தெரியாமல் போயிற்று.

சொற்பட்டியலும் பாட்டுச் சொற்களும்

நினைவுச் சோதனைக்குச் சொற்களைத் தெரிவு செய்வோர்க்குப் பாடநூல்கள் கூறும் அறிவுரை எளிது: பழக்கமான சொல், மனக்கண்ணில் உருவம் தோன்றும் பெயர்ச்சொல், ஏறத்தாழ ஒரே நீளம். பேட்லி, தாம்சன், புக்கனன் ஆகியோர் 1975இல் காட்டியபடி நீண்ட சொற்களைவிடக் குறுஞ்சொற்கள் மிகுதியாக நினைவில் நிற்கும் என்பதால் நீளத்தைச் சமமாக வைத்தல் தேவை. இவ்வறிவுரையை அப்படியே பின்பற்றி ஒரு தமிழ்ப் பட்டியலை எழுதிப் பார்த்தால் என்ன வருகிறது? நிலா, மழை, கண், பூ, காற்று, கடல், வானம், மயில், கனவு, இதயம். என் பட்டியலில் இவற்றுள் பெரும்பாலானவை இருந்தன. தமிழ்த் திரைப்பாடலின் சொற்களஞ்சியமும் ஏறத்தாழ இதுவே. பழக்கமும் உருவமும் குறுமையும் பாடலாசிரியருக்கும் வேண்டியவை, சோதனையாளருக்கும் வேண்டியவை. இருவரும் ஒரே மூட்டையிலிருந்து எடுக்கிறார்கள்.

ஆங்கிலச் சூழலில் இச்சிக்கல் இல்லை என்று கூறவில்லை. ஆங்கிலப் பாடல்களிலும் நிலவும் மழையும் உண்டு. ஆனால் அங்கு இவ்வாய்வு மரபு மொசார்ட்டையும் அறிமுகமில்லாக் கருவியிசையையும் மிகுதியாகக் கையாண்டு வந்திருக்கிறது. நம் மாணவர் சோதனைகள் வடிவமைப்பை அங்கிருந்து பெற்று, ஒலியை மட்டும் நம் கைப்பேசியிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அவ்விடத்தில்தான் பட்டியலும் பாடலும் ஒன்றையொன்று தொட்டுவிடுகின்றன. பொருளற்ற அசைகளைக் கையாண்டால் இச்சிக்கல் தீரும் என்று ஒருவர் கூறலாம். எபிங்ஹவுஸ் 1885இல் வெளியிட்ட நூலில் கையாண்ட முறை அது. தமிழில் மெய், உயிர், மெய் என அமையும் ஓரசையைப் பொருளின்றி ஆக்குவது எளிதன்று. கல், பல், மண், கண், நெல், வில் என்று எதை எடுத்தாலும் சொல்லாகிவிடுகிறது; பொருளில்லாதது கிடைத்தாலும் மாணவர் அதற்குக் கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்துச் சொல்லாக்கிவிடுகிறார்.

'பின்னணி' என்னும் கலைச்சொல்லையும் இவ்விடத்தில் ஐயுறவேண்டும். தமிழில் பின்னணி இசை, பின்னணிப் பாடகர் என்பவை திரைத்துறை நமக்குத் தந்த சொற்கள். திரையில் முகம் தோன்றாததால் அவர் பின்னணிப் பாடகர். கேட்பவர்க்கோ அவர் குரலே முன்னணி. உளவியலில் பின்னணி என்பது கவனத்துக்குப் புறம்பாக இருப்பதைக் குறிக்கவேண்டும். தாய்மொழிப் பாடலொன்றை ஒலிக்கவிட்டு அதனைப் பின்னணி என்று நாம் பெயரிடுவதால் மட்டும் அது கவனத்துக்குப் புறம்பாகிவிடுவதில்லை. எது பின்னணி என்பதை ஒலிபெருக்கி முடிவுசெய்வதில்லை. கேட்பவரின் மொழியும் பழக்கமும் முடிவுசெய்கின்றன.

வரிகளை நீக்கிக் கருவியிசையை மட்டும் ஒலிக்கச் செய்தால்? இது கருத்தரங்குகளில் எனக்குக் கூறப்பட்ட முதல் திருத்தம். புல்லாங்குழலில் வாசிக்கப்பட்ட பழைய பாட்டொன்றைப் பேருந்தில் கேட்கும்போது சொற்கள் தாமே மனத்தில் ஓடுவதை யாவரும் அறிவர். 2005இல் கிரேமர் முதலானோர் நேச்சர் இதழில் வெளியிட்ட மூளைப்படிம ஆய்வில், பழகிய பாடலின் நடுவே ஒலியை நிறுத்தியபோதும் கேட்டல் தொடர்பான மூளைப்பகுதிகள் இயங்கிக்கொண்டிருந்தன. ஆகவே பழகிய திரைப்பாடலின் கருவியிசை வடிவத்தைச் சொல்லில்லா இசை என்று வகைப்படுத்துவது நம் சூழலில் பொருந்தாது. சொல்லில்லா இசை வேண்டுமென்றால் மாணவர் முன்பு கேட்டிராத இசையே வேண்டும்.

மௌனம் என்னும் கட்டுப்பாடு

என் சோதனையில் பாடல் கேட்ட குழு மதிய உணவுக்குப் பின் அமர்ந்தது. மற்றொரு குழு காலை 10 மணிக்கு அமர்ந்தது. வகுப்பறை கிடைத்த நேரம் அவ்வளவுதான். உண்ட மயக்கத்தின் விளைவும் பாடலின் விளைவும் பிரிக்க இயலாதபடி கலந்துவிட்டன. இஃது ஒன்றே என் முடிவைத் தள்ளுபடி செய்யப் போதும்.

கட்டுப்பாட்டுக் குழுவின் 'மௌனம்' மௌனமும் அன்று. மின்விசிறி, தாழ்வாரப் பேச்சு, சாலையின் ஊதொலி எல்லாம் அங்கு உண்டு. இவற்றுள் மின்விசிறியின் சீரான இரைச்சல், மேற்கண்ட ஆய்வுகளின்படி, தொல்லை தராதது. அதனை எல்லா நிலைகளிலும் ஒரே வேகத்தில் ஓடவிட்டால் அது நன்மையே செய்யும். வெளியொலியைச் சற்று மறைக்கும். தாழ்வாரப் பேச்சுதான் மறைமுகப் பகை. ஆடி மாதத்தில் சோதனை நடத்தியவர்கள் வேறொன்றையும் அறிவர்: கோயில் ஒலிபெருக்கி நம் கட்டுப்பாட்டுக் குழுவைச் சோதனைக் குழுவாக மாற்றிவிடும். எல்லா நிலைகளிலும் காதணி ஒலிக்கருவியை அணியச் செய்வதும், ஒலியளவை ஒருமுறை அளந்து மாற்றாமல் வைப்பதும் எளிய தீர்வுகள்.

மற்றொரு வழு, படிக்கும்போது ஒலித்த பாடல் எழுதும்போது நின்றுபோனது. 1985இல் ஸ்மித் நடத்திய சோதனையில், இசையோடு கற்ற சொற்களை இரண்டு நாள் கழித்து அதே இசையோடு மீட்டவர்கள் குறைவாகவே மறந்திருந்தனர். கற்ற சூழலும் மீட்கும் சூழலும் பொருந்துவது மீட்புக்கு உதவும் என்னும் கருத்துக்கு, நீரிலும் நிலத்திலும் சொற்களைக் கற்ற முக்குளிப்போரைப் பற்றிய கோடன், பேட்லி ஆய்வு (1975) புகழ்பெற்ற சான்று. அவ்வாய்வை மர்ரே மீளநடத்தியபோது (2021) அதே விளைவு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். எவ்வாறாயினும், இசையை எங்கே தொடங்கி எங்கே நிறுத்தினோம் என்பதைக் குறிக்காத ஆய்வேட்டில், குறைந்தது கற்றலா, மீட்டலா என்று எவராலும் கூற இயலாது. மௌனக் குழுவுக்குச் சூழல் மாறவில்லை. பாடல் குழுவுக்கு மாறியது.

எத்தனை மாணவர்

இதனைச் சுருக்கமாகவே கூறலாம். இரு தனிக்குழுக்களை ஒப்பிட்டு, நடுத்தர அளவிலான விளைவை (0.5) மிகைகாண் நிலை 0.05இல் 80% வாய்ப்போடு கண்டறியக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். குழுவுக்கு 20 பேர் என்றால் அவ்வாய்ப்பு ஏறத்தாழ 34% மட்டுமே. விளைவு சிறியதாக (0.2) இருந்தால் குழுவுக்கு 394 பேர் தேவை. பின்னணி இசை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட கெம்ஃபே முதலானோர் (2011), ஒட்டுமொத்த விளைவு ஏறத்தாழச் சுழியம் என்றும் நினைவின்மீதான தீங்கு சிறிதே என்றும் கண்டனர். பெரிய விளைவை எதிர்பார்த்துக் குறைந்த மாணவரை வைப்பதற்கு இது இடந்தரவில்லை. ஒரே மாணவர் எல்லா நிலைகளிலும் பங்கேற்கும் வடிவமைப்பில், இணைவேறுபாட்டின் விளைவளவு 0.5 எனில் 34 பேர் போதும். முதுகலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்துக்குள் திரட்டக்கூடிய எண்ணிக்கை இது. நெறியாளர்கள் 'குழுவுக்கு 30 பேர் இருந்தால் போதும்' என்று வழக்கமாகக் கூறும் விதிக்கு எனக்கு இதுவரை அடிப்படை கிடைக்கவில்லை.

மாற்று வடிவமைப்பு

மேற்கண்ட வழுக்களை அறிந்த பின் நான் இப்போது வகுத்துள்ள வடிவமைப்புக்குத் தமிழ்ச் சூழலே ஒரு வாய்ப்பைத் தருகிறது. தமிழ்த் திரைப்பாடல்கள் பல அதே மெட்டில், அதே கருவியமைப்பில் தெலுங்கிலும் இந்தியிலும் வெளியாகியுள்ளன. 1992இல் வந்த 'ரோஜா' யாவரும் அறிந்த எடுத்துக்காட்டு. மொழி மட்டும் மாறி இசை மாறாத இத்தகைய இணைகளை ஆய்வகத்தில் உருவாக்கப் பெரும்பொருள் செலவாகும். நமக்கு அவை கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. சிக்கல், முன்னரே கூறியபடி, பழக்கம். பழகிய மெட்டில் தெலுங்குச் சொல் ஒலித்தாலும் மனத்தில் தமிழ்ச் சொல் ஓடும். ஆகையால், பங்கேற்கும் மாணவர்கள் கேட்டிராத பழைய படங்களின் பாடல்களையே தெரிவுசெய்யவேண்டும். சோதனை முடிந்தபின் ஒவ்வொரு பாடலையும் முன்பு கேட்டதுண்டா, தெலுங்கு தெரியுமா என்று வினவி, ஆம் என்போரின் தரவைத் தனியே வைக்கவேண்டும். எல்லைப்புற மாவட்ட மாணவர்களை இவ்வினா இன்றிச் சேர்ப்பது பெரும்பிழையாகும்.

ஒலிநிலைகள் நான்கு: மின்விசிறி மட்டும், கருவியிசை, தெலுங்குக் குரல், தமிழ்க் குரல். ஒவ்வொருவரும் நான்கையும் வெவ்வேறு சொற்பட்டியலோடு எதிர்கொள்வர். நிலைகளின் வரிசையை நான்கு வகையாகச் சுழற்றுவதால் பங்கேற்போர் எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்கவேண்டும். 36 பேர் என்பது பொருந்தும். அவ்வெண் மொசார்ட் ஆய்விலும் இடம்பெற்றது தற்செயல். ஒவ்வொரு பட்டியலிலும் பாதிச் சொற்கள் தமிழ்ப் பாடலின் சொற்களோடு பொருளுறவு உடையவை. ஆனால் பாடலில் வராதவை. மறுபாதி அவ்வுறவு இல்லாதவை: தாழ்ப்பாள், முறம், வாளி, சுத்தியல் போன்றவை. தமிழ்க் குரல் உறவுச் சொற்களை மட்டும் மிகுதியாகப் பாதித்தால் குறுக்கிடுவது பொருள்; இருவகையையும் தெலுங்குக் குரலைப் போலவே பாதித்தால் குறுக்கிடுவது குரலொலி. படித்து முடித்ததும் ஒலி நின்று, 30 நொடி எண்களைத் தலைகீழாகச் சொல்லவைத்த பிறகு மீட்பு தொடங்கும். கடைசியாகக் கண்ட சொற்கள் உடனடியாக நினைவில் நிற்பது 30 நொடி இடைவெளியில் மறையும் என்பது கிளான்சர், குனிட்ஸ் (1966) ஆய்விலிருந்து அறியப்படுவது. எழுதும்போது எல்லா நிலைகளிலும் மின்விசிறி மட்டுமே. இதனால் மூன்று இசைநிலைகளுக்கும் சூழல் மாற்றம் ஒன்றுபோல் அமையும். மின்விசிறி நிலைக்கு மட்டும் அம்மாற்றம் இல்லை. ஆகவே முதன்மை ஒப்பீடு இசைநிலைகளுக்குள்தான். இசையா, மௌனமா என்னும் வினாவுக்கு இவ்வடிவமைப்பு முழு விடை தராது. அவ்வினாவுக்கு விடை தரும் என்று எழுதவும் மாட்டேன்.

மதிப்பீட்டில் ஒரு நுட்பம் எஞ்சியுள்ளது. தமிழ் இரட்டை வழக்கு மொழி. பட்டியலில் 'நாற்காலி' என்று படித்தவர் 'சேர்' என்று எழுதினால் அது மீட்பா, பிழையா? 'வெயில்' என்பதை 'வெய்யில்' என்று எழுதினால்? முன்பு நான் முதலாவதை அடித்தேன், இரண்டாவதை ஏற்றேன், ஏன் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. இம்முறை விதியைச் சோதனைக்கு முன்பே எழுதிவைத்து, எந்தத் தாள் எந்த ஒலிநிலைக்கு உரியது என்று அறியாத இருவர் தனித்தனியே மதிப்பிடுவர். மதிப்பீட்டுத் தாளில் இப்போது நான்கு நிரல்கள் உள்ளன: பட்டியலின் சொல், அதன் வழக்கு வேறுபாடு, பாடலிலிருந்து புகுந்த சொல், எங்கிருந்து வந்தது என்று அறியமுடியாத சொல். நான்காவது நிரலை நிரப்பிய பிறகே மாணவரை அழைத்து, அச்சொல் எப்படி வந்தது என்று கேட்பதாக உள்ளேன்.